எப்போதும் இருபது மீன்

ஸ்ரீவில்லிபுத்தூர்
ஞாயிறு மதியம்

அன்புத் துரைக்கு அம்மா எழுதுவது.

வெள்ளிக்கிழமை கல்லூரிக் கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் பதினொரு மீன்கள் செத்தன. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற வாக்கியம். மைக் என் கையில் இருந்தது, கேள்வியும் என்னைப் பார்த்துத்தான் வந்தது, நான் திரையில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதெல்லாம் எழுத வரும் போலிருந்தது. அதனால் உன் சுகத்தைக் கேட்பது இரண்டாவதாகப் போய்விட்டது, தப்பாக நினைக்காதே.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாகத்தான் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறாய், அதைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன். அப்பா வாரத்தில் நான்கு நாள் வத்திராயிருப்புத் தோப்பில்தான் கிடக்கிறார். தென்னையில் வெள்ளை ஈ இந்த வருஷமும் விடவில்லை, ஓலையெல்லாம் கரி பூசினதுபோல் இருக்கிறது. பிளவக்கல் அணையில் தண்ணீர் பாதிக்கு மேல் நிற்கிறதாம், ஐப்பசி மழையும் பெய்துவிட்டால் இரண்டாம் போகத்துக்குப் பயமில்லை என்கிறார். நீ கேட்ட பால்கோவா வீட்டில் கிண்டி வைத்தேன், ஆனால் அனுப்பவில்லை. பார்சல் உன் மலை முகாமுக்கு வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்று சொன்னதும், எங்கள் கல்லூரி மைக்ரோபயாலஜி எலினா அதில் ஒரு துளியை எடுத்துத் தட்டில் வைத்து, ஏழாம் நாள் அதில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எனக்குக் காட்டிவிட்டாள். பார்த்த பிறகு பெற்ற பிள்ளைக்கு அனுப்ப மனசு வருமா. பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

என் ஆராய்ச்சி என்னவென்று நீ கேட்கும்போதெல்லாம் மீன் வளர்க்கிறேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். விஷயம் இதுதான். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறை ஒன்று, துணி அலசின தண்ணீரைச் சுத்தம் செய்து கருங்கண்மாயில் விடலாமா என்று கேட்டது. கண்மாய் விவசாயிகள் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, கல்லூரி பார்த்துச் சொன்னால் சம்மதிக்கிறோம் என்றார்கள். எங்கள் அறிவியல் புலத்தில் மூன்று துறை சேர்ந்து இதை எடுத்தோம். கெமிஸ்ட்ரியில் ஜெபா மேடம் தண்ணீரில் குளோரின் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்தார். எலினா கிருமிகளைப் பார்த்தாள். விலங்கியலில் எனக்கு மீன். அந்தத் தண்ணீரில் அறுபது நாள் உயிரோடு இருக்கிறதா, மூச்சு வாங்குவது கூடுகிறதா, செவுள் கெடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடித் தொட்டிகள், ஒன்றில் போர்வெல் தண்ணீர், இன்னொன்றில் மூன்று நாளுக்கு ஒரு தடவை டிரம்மில் வந்து இறங்கும் பட்டறைத் தண்ணீர். தொட்டிக்கு இருபது ஜிலேபி மீன், அத்தனையும் ஆண். குஞ்சு பொரித்துப் பெருகினால் எண்ணிக்கை குழம்பும் என்று, ஆண் மீனாக மட்டும் வளர்த்து விற்கிற பண்ணையில் வாங்கினோம். மூன்றரை வருஷ டாக்டர் பட்டப் படிப்பில் கடைசி அத்தியாயம் இந்த இரண்டு தொட்டிதான். உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு கல்லூரியில் சேர்ந்தவள் நான், முப்பத்தொன்பது வயதில் இது முடிந்தால் போதும் என்றிருந்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் முனீஸ்வரி அக்கா. எங்கள் ஆய்வகத்தில் கூட்டுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, டீ வாங்கி வருவது எல்லாம் அவர்தான். பதினான்கு வருஷமாகத் தற்காலிகம். நான் டீச்சர் இல்லை, படிக்க வந்தவள்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். நான் இங்கேயிருந்து பஸ் பிடித்துப் போவதற்குள் ஒன்பதரை ஆகிவிடும். அவர் ஏழு மணிக்கே வந்து தீனி போட்டுவிடுவார், சனி ஞாயிறும் அவர்தான். ஆராய்ச்சி தொடங்குவதற்கு முந்தின வாரம், மீன்கள் புதுத் தொட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் நான்கு செத்துக் கிடந்தன. அன்றைக்குப் பஸ்ஸும் தாமதம், எனக்குக் கோபம் வந்துவிட்டது. மீனைக்கூடச் சாகாமல் பார்த்துக்கொள்ளத் தெரியாதா, இனி ஒன்று செத்தாலும் சாரிடம் சொல்லிவிடுவேன் என்று கத்திவிட்டேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "சரி டீச்சர், இனிமேச் சாகாது" என்றார். ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அறுபது நாளும் நான் எப்போது எண்ணினாலும் இரண்டு தொட்டியிலும் இருபது இருந்தது.

வியாழக்கிழமை செவுள் பார்ப்பதற்காக மீன்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தேன். பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மீன் நாலைந்து நாளாகத் தீனி எடுக்காமல் மூலையில் நின்றது. தண்ணீரின் பாதிப்பு என்று நோட்டில் அதையும் குறித்து வைத்திருந்தேன். அதை வலையில் அள்ளித் தட்டில் விட்டதும் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகு கடுகாக, கண் மட்டும் தெரிகிற குஞ்சுகள், முப்பது நாற்பது இருக்கும், தட்டு முழுக்க ஓடின. இந்த ஜாதியில் தாய் மீன் முட்டையை வாயில் வைத்துத்தான் பொரிக்கும், குஞ்சுகள் நீந்துகிற வரைக்கும் ஒன்றும் தின்னாது. படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பின்னால் நின்ற அக்கா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "அடியாத்தீ, ஆம்பளப் பயலுக ஆஸ்டல்ல புள்ள பொறந்துருச்சே டீச்சர்!" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நூற்றுக்கு ஒன்று பெண்ணாகத் தப்பி வந்துவிடும் என்று பண்ணையில் சொல்லித்தான் கொடுத்தார்கள், அப்படி ஒன்று என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. முகம் மாறிவிட்டது. நான் கேட்பதற்கு முன் அவராகவே, "அளவுக்கு அளவு பாத்துத்தான் டீச்சர் போட்டேன், பொட்டையா ஆணான்னு பாக்கத் தெரியலையே" என்றார்.

அக்காவின் தம்பி சமுத்திரம் சேத்தூரில் பண்ணைக்குட்டை வெட்டி ஜிலேபி விட்டிருக்கிறான். தொட்டியில் மீன் செத்துக் கிடக்கிற அன்று அவனுக்குப் போன் போட்டுவிடுவாராம். படிக்கிற பையன்கள் வருவதற்குள் அவன் தூக்குவாளியில் தண்ணீரோடு நான்கைந்து மீனை மோட்டார்சைக்கிளில் கொண்டுவருவான். செத்ததின் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே நீளம், அதே பருமனில் ஒன்றைப் பொறுக்கித் தொட்டியில் விட்டுவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். செத்ததை ஆய்வகத்துக்குப் பின்னால் கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் புதைத்திருக்கிறார். அந்தச் செடி இந்த வருஷம் எம்புட்டுத் தழைத்திருக்கிறது என்று நானே அவரிடம் வியந்திருக்கிறேன். எத்தனை மீன் என்று கேட்டேன். தேதி தெரியவில்லை, ஆனால் ஒன்றும் மறக்கவில்லை. "ஆடிப்பூரத் தேரு பாத்துட்டு வந்த மறுநா ரெண்டு. சமுத்திரம் மக சடங்குக்கு முந்துன நா ஒண்ணு. காலேசுக்கு மூணு நா லீவு விட்டாகள்ல, அப்ப மூணு. புள்ளையார் சதுர்த்திக்கு ஒண்ணு. பொறவு ஆவணி கடைசிக்குள்ள நாலு." எல்லாம் அந்தத் தொட்டியா என்றேன். "இந்தா, போர் தண்ணித் தொட்டியில ஒண்ணே ஒண்ணுதான் செத்துச்சு. அதையும் மாத்திட்டேன்" என்றார், அதையும் விட்டுவிடவில்லை என்று எனக்கு நிம்மதி வரட்டும் என்பதுபோல. செத்தால் செத்ததாகவே இருக்க வேண்டும் அக்கா, அதுதான் எனக்குப் பதில், சாவதை எண்ணத்தான் இவ்வளவும் வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். "சாவுறதையா எண்ணிக்கிட்டு இருந்தீக? உசுரோட இருக்கறதத்தான் எண்ணுறீகன்னுல்ல நான் நெனச்சேன்" என்றார். அவர் நினைத்ததில் என்ன தப்பு சொல். நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது கோபத்தை மட்டும்தான். ஆராய்ச்சியைச் சொல்லவே இல்லை.

மறுநாளே கூட்டம். என் வழிகாட்டி பொன்னுராஜ் சார் மேடையில், பட்டறைக்காரர்கள் முன்வரிசையில், கண்மாய்ச் சங்கத்திலிருந்து இருபது பேர். ஜெபா மேடம் குளோரின் அளவுக்குள் இருக்கிறது என்றார், அவர் சொன்னது பொய்யில்லை. அவர் பாட்டிலில் தண்ணீர் எடுத்தது நான்கு நாள், மீன் அதில் இருந்தது அறுபது நாள், வித்தியாசம் அவ்வளவுதான். எலினாவும் பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை என்றாள். பிறகு நான். சங்கத் தலைவர் இசக்கிமுத்து எழுந்து நின்று, "தாயி, எங்களுக்கு இந்தப் படமெல்லாம் வெளங்கல. மீனு ஒண்ணாச்சும் செத்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார். இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னுராஜ் சார், ஒன்றுகூட இல்லை, இரண்டு தொட்டியிலும் முழுசாக இருபது என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாது, என் நோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். இசக்கிமுத்துதான் முதலில் கை தட்டினார். அடுத்த மாதம் மழைக்குப் பிறகு கண்மாயில் மீன்குஞ்சு விடப்போகிறார்களாம், அதற்கு முன்னால் பட்டறைக்குச் சம்மதக் கடிதம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்து.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்த நேரம் முனீஸ்வரி அக்கா கதவருகே டீத் தட்டோடு நின்றார், பச்சையில் மஞ்சள் கரை போட்ட புதுச் சேலை. வருகிற புதன்கிழமை அவரை நிரந்தரமாக்க நேர்காணல், பெயர் பட்டியலில் முதல் ஆளாக வந்திருக்கிறது. நிர்வாகத்துச் செயலாளர் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அவரை நினைத்துத்தான் வாயை மூடினேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாதி உண்மைதான். மீதிப் பாதி, என் மூன்றரை வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் அப்பாவும் சாப்பிட்டுக் கழுவி வைத்த தட்டுகள், நான் நூலகத்தில் உட்கார்ந்திருந்த மதியங்கள், பெயருக்கு முன்னால் வரப்போகிற அந்த இரண்டு எழுத்து. நான் இவ்வளவு புத்தகம் படிக்கிறேன், அதில் உண்மையைச் சொல்கிறவர்கள் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில் அதே ஆய்வகத்தில் அதே ஆளிடம் டீ வாங்கிக் குடிப்பது எப்படி என்று யாரும் எழுதவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கூட்டம் எப்படி நடந்தது என்றார், நன்றாக நடந்தது என்றேன், பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி உன் விஷயம். நேற்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், ராணுவத்தில் உன்னோடு ஒரே கம்பெனியில் இருக்கிற கண்ணுச்சாமியின் அம்மா குருவம்மாளைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் ஈஸ்வரி, ஒம் மகனுக்கு முட்டி இப்ப எப்படி இருக்கு? ஒம்பது தையலாம்ல, எங்க பய சொன்னான், பாறையில வழுக்குனதுக்கு அம்மாடி எம்புட்டு ரெத்தம்!" என்றாள். எனக்குத் தெரிந்ததுபோலவே, இப்போது பரவாயில்லை என்று சிரித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவள் சொன்ன நாளிலிருந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. அதற்கப்புறம் நீ எழுதிய மூன்று கடிதத்திலும் நன்றாக இருக்கிறேன், ஓடுகிறேன், சாப்பிடுகிறேன் என்றுதான் இருக்கிறது, எடுத்துப் பார்த்தேன். கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. போன வருஷம் லீவில் வந்தபோது பைக்கிலிருந்து விழுந்து உள்ளங்கை சிராய்த்ததற்கு, வலிக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் எப்படிக் கத்தினேன் என்று ஞாபகம் இருக்கிறது. நீ அன்றைக்கும் "சரிம்மா, இனிமே விழ மாட்டேன்" என்றுதான் சொன்னாய். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று நேற்று முழுக்க இருந்தேன், துரை, தானாகவே சேர்ந்து நிற்கிறது. எனக்கு மனசு சங்கடப்படக் கூடாது என்று என்னைச் சுற்றி இருக்கிற நீங்களெல்லாம் செத்ததை மறைத்து உயிரோடு இருப்பதைக் காட்டுகிறீர்கள். நான்தான் உங்களை அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

நாளைக் காலை சொல்லிவிடப் போகிறேன். முதலில் அக்காவிடம், அவருக்குத் தெரியாமல் போய்ச் சொல்வது நியாயமில்லை. பிறகு பொன்னுராஜ் சாரிடம் எழுத்தாகவே கொடுக்கிறேன். தொட்டியில் மீன்கள் மாற்றப்பட்டிருக்கின்றன, என் முடிவுகளை நான் திரும்பப் பெறுகிறேன், பொறுப்பு என்னுடையது, அவ்வளவுதான். யார் மாற்றியது என்று எழுதவில்லை. கேட்பார்கள், என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. அக்கா வேலை போகாமல் இதைச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டேதான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன், கிடைக்கவில்லை. சொல்லாமல் இருந்து கருங்கண்மாயில் மீன் செத்தால் தூக்குவாளியோடு வந்து நிற்க யாரும் இல்லை, இது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

தையல் பிரித்த இடத்தில் தண்ணீர் படவிடாதே, குளிருக்கு முட்டியில் துணி சுற்றிக்கொள். ஏறு, ஓடு என்று அதிகாரி சொன்னால் வலி இருக்கிறது என்று சொல், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கண்ணுச்சாமியைத் திட்டாதே. அடுத்த கடிதத்தில் முட்டி எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது, மடக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. நான் கத்த மாட்டேன், கத்தினாலும் கடிதத்தில் சத்தம் கேட்காது. ஆண்டாள் துணையிருப்பாள். மலையிலும் பனியிலும் உன் கால் உறுதியாக நிற்கட்டும், நல்ல தூக்கம் வரட்டும், போன வேலை முடித்து முழுசாக வீடு வந்து சேர்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா,
வெங்கடேஸ்வரி

சனிக்கிழமை. இதை ஒட்டாமலே வைத்திருந்தேன், நடந்ததையும் எழுதி அனுப்புகிறேன். திங்கட்கிழமை அக்காவிடம் சொன்னேன், "சொல்லிருங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். பொன்னுராஜ் சார் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு யார் மாற்றியது என்று கேட்டார். பொறுப்பு என்னுடையது என்று எழுதின வரியைக் காட்டினேன். டீ கொண்டுவந்த அக்கா டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, "நான்தான் சார் மாத்துனேன், அவியளுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றார். இசக்கிமுத்து போனில், "இதச் சொல்ல மூணு நா ஆச்சா தாயி?" என்று கேட்டு வைத்துவிட்டார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து ஆகவில்லை, கண்மாயில் தண்ணீர் விடும் திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் புது மீன் வாங்கி முதலிலிருந்து அறுபது நாள் பார்க்க வேண்டும், பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். புதன்கிழமை நேர்காணலுக்கு அக்காவைக் கூப்பிடவில்லை, நேற்றோடு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேற்று நான் சாரோடு அலுவலகத்தில் இருந்தபோதே சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்று காலை நான் போய் ஆய்வகத்தைத் திறந்தேன். செவுளுக்கு எடுத்தது போக மிச்சமிருந்த மீன்களுக்கு இரண்டு தொட்டியிலும் தீனி போட்டிருந்தது. பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தது. கண்ணாடியில் சாக்பீஸால் கோணலாக, வெள்ளி 4 மணி என்று எழுதி, அதை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தார்.